டிரைவ்வேயில நிக்கிற ராவ்4: பை, பூட்டு, இம்மொபிலைசர் – எது எதைத் தடுக்கும்?

மார்க்கம்வாசி

எல்லாருக்கும் வணக்கம்.

கார் 2022 ரொயோட்டா ராவ்4 ஹைபிரிட் (பெற்றோலிலயும் பற்றரியிலயும் ஓடுறது). வீடு கனடாவில, ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரத்தில. ஒற்றைக் கராஜுக்குள்ள வேற கார் நிக்கிறதால ராவ்4 எப்பவும் வெளியில, டிரைவ்வேயிலதான். இந்த முறை காப்புறுதி புதுப்பிக்கேக்க, கண்காணிப்புக் கருவி பூட்டவேணும், இல்லாட்டி மேலதிகமாக் கட்டவேணும் எண்டு கடிதம் வந்திருக்கு.

திறப்பைப் போட்டுவைக்கிற சிக்னல் தடுக்கும் பை ஒண்டு வாங்கியாச்சு. அது காணுமா? காணாட்டி அடுத்த காசை எதில போடுறது: ஸ்ரியரிங் பூட்டா, இக்லா மாதிரி இம்மொபிலைசரா (காரை ஓடவிடாமல் தடுக்கிற மின்கருவி), இல்லாட்டி ஸ்டார்ட் வராமல் வயரை வெட்டுற, ஒளிச்சு வைக்கிற கில் சுவிட்ச்சா? திறப்பை வாசலடியில வைக்கவேணும் எண்டு பொலிஸ் சொன்னதாக் கதைக்கினம், அது சரியா? வீட்டில வயசுபோன ஆக்களும் சின்னப்பிள்ளையளும் இருக்கினம். அதால கார் போறதைவிட, காருக்காக ஆரும் வீட்டுக்குள்ள வந்திடுவாங்களோ எண்டதுதான் பெரிய யோசனை.

வயர்க்காரன்

பை மட்டும் காணாது. ராவ்4க்கு நிச்சயமாக் காணாது. உந்தக் காரைச் சத்தமில்லாமல் எடுக்கக் கள்ளருக்கு மூண்டு வழி இருக்கு. பை அடைக்கிறது அதில ஒண்டை.

முதலாவது ரிலே, அதாவது சிக்னலை நீட்டிக் காரை ஏமாத்துறது. கதவுப்பிடியில கை வைச்சவுடன கார் 125 – 134 கிலோஹேர்ட்ஸ் அளவில ஒரு சிக்னல் விடும். அது ஒண்டு, ஒண்டரை மீற்றருக்கு மேல போகாது. அதைக் கேட்ட திறப்பு கூடின அலைவரிசையில மறுமொழி அனுப்பும், அது கன தூரம் போகும். வாசல் கதவடியில ஒருத்தன் வளைய அன்ரெனாவோட நிண்டு காரின்ர சிக்னலைப் பெருப்பிச்சு வீட்டுக்குள்ள விட, காரடியில நிக்கிற மற்றவன் கதவைத் திறப்பான். கண்ணாடி உடையாது, அலாரம் அடிக்காது. ஒருக்கா ஸ்டார்ட் வந்திட்டால் திறப்பு பக்கத்தில இல்லாட்டியும் எஞ்சின் நிக்காது. ஓடுற கார் நடு றோட்டில நிண்டால் ஆபத்து எண்டு அப்பிடித்தான் செய்திருக்கினம்.

இதுக்குத்தான் பை. வாங்கினால் மட்டும் காணாது, சோதிக்கவும் வேணும். திறப்பைப் பைக்குள்ள போட்டு மூடி, கதவுப்பிடிக்குக் கிட்ட பிடிச்சுக்கொண்டு கதவைத் திறந்து பாருங்கோ. பையைத் திருப்பி எல்லாப் பக்கத்தாலும் பாருங்கோ. திறந்தால் அந்தப் பை சரியில்லை. உள்ளுக்கு இருக்கிற உலோகத் துணி மடிப்பில வெடிச்சுப்போகும், வெளியில ஒண்டும் தெரியாது. அதால மாதம் ஒருக்காச் சோதிக்கிறது நல்லது. கனபேர் மேசை லாச்சிக்குள்ள கிடக்கிற இரண்டாவது திறப்பை மறந்துபோறினம். அதுக்கும் பை வேணும்.

உங்கட ரொயோட்டாத் திறப்பைப் பை இல்லாமலும் நித்திரையாக்கலாம். பூட்டுற பட்டனை அமத்திப் பிடிச்சுக்கொண்டு திறக்கிற பட்டனை இரண்டு தரம் அமத்துங்கோ. திறப்பில இருக்கிற சின்ன லைற் நாலு தரம் மின்னினால் சரி, அதுக்குப் பிறகு கார் கூப்பிட்டாலும் திறப்பு பேசாது. ஏதாவது ஒரு பட்டனை அமத்தினால் முழிச்சிடும். பற்றரியைச் சேமிக்கவெண்டு வைச்ச வசதி, எண்டாலும் ரிலேக்கும் நல்ல மருந்து.

இரண்டாவது ஓபிடி. ஸ்ரியரிங்குக்குக் கீழ, மெக்கானிக் ஸ்கானர் பூட்டுற சொக்கெற். கதவை எப்பிடியாவது திறந்து உள்ளுக்கு வந்தால், திறப்பு செய்யிற ரப்லெற்றை அதில பூட்டிப் புதுத் திறப்பு ஒண்டைக் காருக்குப் பழக்கலாம். சில நிமிச வேலை. இதுக்கு அந்தச் சொக்கெற்றை மூடுற இரும்புக் கூட்டுப்பூட்டு இருக்கு, விலையும் பெரிசில்லை. பின்பக்கத்தால வயரை வெட்டி நேராப் பிடிக்கத் தெரிஞ்சவனை அது நிப்பாட்டாது, மினக்கெடுத்தும். அந்தப் பூட்டின்ர திறப்பை கிளவ் பொக்சுக்குள்ள வைக்கவேண்டாம். சேர்விஸுக்கு விடேக்க மட்டும் கழட்டிக் குடுங்கோ.

மூண்டாவதுதான் ராவ்4 வைச்சிருக்கிற ஆக்கள் விளங்கவேண்டியது: கேன் இன்ஜெக்ஷன். காருக்குள்ள இருக்கிற கொம்பியூட்டர்கள் எல்லாம் கேன் பஸ் எண்ட சோடி வயரிலதான் கதைக்கும். ஹெட்லைற்றும் அதில இருக்கு. முன் பம்பரையோ ரயருக்கு மேல இருக்கிற பிளாஸ்ரிக் உறையையோ இழுத்து, ஹெட்லைற் கனெக்டரைக் கழட்டி, அதில ஒரு சின்னப் பெட்டியைப் பூட்டினால், அது "சரியான திறப்பு வந்திட்டுது" எண்டு பொய்ச் செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்பும். கார் நம்பும். 2022 இல லண்டனில இயன் டேபர் எண்ட பாதுகாப்பு ஆராய்ச்சியாளரின்ர ராவ்4 இப்பிடித்தான் போச்சு. அவரும் கேன் பஸ் நிபுணர் கென் டிண்டெலும் அதைக் கிண்டி ஆராய்ஞ்சு 2023 ஏப்ரலில வெளியிட்டினம். ஜேபிஎல் புளூரூத் ஸ்பீக்கர் கூட்டுக்குள்ள அந்தச் சாமானை ஒளிச்சு விக்கிறாங்கள். பொலிஸ் மறிச்சாலும் பாட்டுக் கேக்கிற பெட்டி மாதிரித்தான் தெரியும்.

இந்த வழியில உங்கட திறப்புக்கு வேலையே இல்லை. அது பைக்குள்ள இருந்தாலென்ன, பாங்க் லொக்கருக்குள்ள இருந்தாலென்ன.

2007 செப்ரெம்பரில இருந்து கனடாவில விக்கிற புதுக் கார்களுக்கு இம்மொபிலைசர் கட்டாயம், பிறகேன் களவு போகுது எண்டு கேக்கிறவைக்கும் இதுதான் பதில். அது காருக்குத் தெரியாத திறப்பைத்தான் நிப்பாட்டும். மேல சொன்ன மூண்டிலயும் கார் தனக்குத் தெரிஞ்ச திறப்புத்தான் வந்திருக்கெண்டு நினைக்குது.

காலமை காரடிக்குப் போகேக்க முன்ரயருக்கு மேல உள்ள உறை தொங்கினாலோ, ஒரு பக்க ஹெட்லைற் வேலை செய்யாட்டிலோ, காரணமில்லாமல் டாஷில பல எச்சரிக்கைகள் ஒண்டாய் வந்தாலோ, "ஆரோ இடிச்சுப்போட்டுப் போட்டான்" எண்டு விடாதேங்கோ. இரவு ஒருக்கா முயற்சி நடந்திருக்கு. அரைகுறையில விட்டுப்போனவங்கள் திரும்ப வரக்கூடும்.

பிராம்ப்டன் பாலா

வயர்க்காரன் தெளிவா சொல்லிட்டார். காசை எந்த வரிசையில போடணும்னு மட்டும் நான் சொல்றேன்.

முதல்ல வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியிற பூட்டு. நிறைய பேர் நேரா இம்மொபிலைசருக்குப் போயிடறாங்க. இம்மொபிலைசர் காரைக் காப்பாத்தும், ஆனா அது உள்ளே இருக்குன்னு திருடனுக்குத் தெரியாது. அவன் பம்பரைப் பிச்சு, ஹெட்லைட்டைக் கழட்டி, கார் நகராததைப் பார்த்த பிறகுதான் விட்டுட்டுப் போவான். எல்இடி ஹெட்லைட், பம்பர், வயரிங்னு பில் பெரிசா வரும், டிடக்டிபிள், அதாவது காப்புறுதியில நீங்க போடவேண்டிய பங்கு, உங்க கையிலேருந்து போகும். டார்ச் அடிச்சு ஜன்னல் வழியா பார்க்கும்போதே பூட்டு தெரிஞ்சா பம்பரைத் தொடாமலே பக்கத்துத் தெருவுக்குப் போக வாய்ப்பு இருக்கு.

ஸ்டியரிங் பூட்டுல நீளக் கம்பி மாதிரி இருக்கிறதும், சக்கரம் முழுக்க மூடுற தட்டு மாதிரி இருக்கிறதும் ரெண்டு விதம். கம்பி வகையில கம்பியை யாரும் அறுக்கிறதில்ல. ஸ்டியரிங் வளையத்தை ரம்பத்தால ஒரு இடத்துல வெட்டி, வளைச்சு, பூட்டை உருவிடுவாங்க. வளையத்துக்குள்ள இருக்கிறது மெல்லிசான உலோகம்தான். அதனால வளையத்தையே மூடுற தட்டு வகை வாங்குங்க. பருமன் ஜாஸ்தி, தினமும் மாட்ட எரிச்சலாத்தான் இருக்கும். வாங்குறதுக்கு முன்னாடி உங்க ஸ்டியரிங்கோட வெளி விட்டத்தை அளந்துக்குங்க. தட்டு லூசா நின்னா கொஞ்சம் கொஞ்சமா சுழட்டி ஓட்ட முடியும்.

குளிர்காலத்துல பூட்டோட சாவித்துளை உறைஞ்சா எண்ணெய் விடாதீங்க, குளிர்ல அது கெட்டியாகி தூசியையும் பிடிச்சுக்கும். கிராஃபைட் பவுடர் போதும்.

டிராக்கர் பத்தி. ஏர்டேக் மாதிரி ஐட்டம் மலிவு, சிஆர்2032 பேட்டரி ஒரு வருஷம் போகும். ஆனா கூடவே வர்ற தெரியாத ஏர்டேக்கைப் பத்தி திருடனோட போனுக்கே எச்சரிக்கை போகும், கொஞ்ச நேரம் கழிச்சு அதுவே சத்தமும் போடும். அது தேவையான வசதி, இல்லேன்னா பெண்களைப் பின்தொடர்றவனுங்களுக்குக் கொண்டாட்டமாயிடும். அப்படியும் ஏர்டேக் ஏன் உபயோகம்னா, திருடினவுடனே, வெளிநாட்டுக்குக் கப்பல்ல அனுப்ப, நேரா துறைமுகத்துக்குக் கொண்டுபோறது எப்பவும் நடக்காது. ஏதாவது அபார்ட்மெண்ட் பார்க்கிங்லயோ தெருவோரத்துலயோ ஒண்ணு ரெண்டு நாள் நிறுத்தி, யாராவது தேடி வர்றாங்களான்னு பார்ப்பாங்க. அந்த நேரத்துலதான் கார் கிடைக்கும். கன்டெய்னருக்குள்ள போயிட்டா சுத்தியும் இரும்பு, சிக்னல் வராது.

கிளவ் பாக்ஸ், கன்சோல், ஸ்பேர் டயர்க் குழி, இதெல்லாம் அவங்க முதல்ல தேடுற இடம். சீட் உறைக்குள்ள, பின் பம்பரோட பிளாஸ்டிக்குக்குப் பின்னாடி மாதிரி இடம் பாருங்க. சுத்தி உலோகம் இருக்கக் கூடாது. ரெண்டு வச்சீங்கன்னா முதல்ல கிடைச்சதை எடுத்துப்போட்டுட்டு நிம்மதியாயிடுவான்.

இடம் தெரிஞ்சாலும் நீங்க போகாதீங்க. போலீஸ்கிட்ட கொடுங்க.

ரொயோட்டா ஆப்ல திருட்டு இருப்பிட சேவை இருக்கு. சந்தா உயிரோட இருக்கணும். புது காரோட வர்ற இலவசக் காலம் முடிஞ்சிருந்தா, கார் போன அன்னிக்குத்தான் அது தெரிய வரும். இன்னிக்கே ஆப்பைத் திறந்து பாருங்க. போலீஸ் புகார் எண் கொடுத்த பிறகுதான் ரொயோட்டாக்காரங்க இடத்தைத் தேடுவாங்க, அதுவும் போலீஸுக்குத்தான் சொல்வாங்க.

மார்க்கம்வாசி

இரண்டு பேருக்கும் நன்றி. தட்டுப் பூட்டு ஓடர் பண்ணியாச்சு.

வயர்க்காரன் அண்ணை, ஹைபிரிட்டுக்கு கில் சுவிட்ச் போடலாமோ? ஸ்ராட்டர் லைனில ஒரு சுவிட்ச் வைச்சால் மலிவா முடியும் எண்டு ஒருத்தர் சொல்லுறார்.

வயர்க்காரன்

சொன்னவர் ஹைபிரிட்டுக்குள்ள கை வைக்கேல்லை. ராவ்4 ஹைபிரிட்டில அறுக்கிறதுக்கு சாதாரண ஸ்ராட்டர் மோட்டரே இல்லை. பெரிய மோட்டர்தான் எஞ்சினைச் சுத்துது. கார் "ரெடி" நிலைக்கு வந்தால் எஞ்சின் ஓடாமலே பற்றரியில நகரும். அதால பெற்றோல் பம்பை வெட்டினாலும் கொஞ்சத் தூரம் போகும். செம்மஞ்சள் நிற வயர் எதையும் தொடவேண்டாம், அது உயர் மின்னழுத்தம், ஆளைக் கொல்லும். மஞ்சள் கனெக்டர் எயார்பாக். பிரேக் சுவிட்ச் வயரில விளையாடினால் கார் ரெடிக்கு வராது எண்டு சிலர் செய்யினம். அதே வயர்தான் பின் பிரேக் லைற்றுக்கும் போகுது. எங்கேயாவது சோல்டர் பண்ணின இணைப்பு கழண்டுபோனால் பின்னால வாறவனுக்கு நீங்கள் பிரேக் பிடிச்சது தெரியாது.

சாதாரண பெற்றோல் கார் வைச்சிருக்கிற ஆரும் இதை வாசிச்சால், அவைக்கு இது. சுவிட்ச்சை ரிலேயின்ர (மேல சொன்ன களவு முறை இல்லை, ஸ்ராட்டருக்கோ பம்புக்கோ கரன்ட் விடுற மின்சுவிட்ச்) கொயில் பக்கத்தில வையுங்கோ, பெரிய கரன்ட் போற பக்கத்தில வேண்டாம். கொயில் 150 – 200 மில்லி அம்பியர்தான் இழுக்கும், சின்னச் சுவிட்ச்சும் 18 கேஜ் வயரும் தாராளம். வயர் எடுக்கிற இடத்துக்குக் கிட்டவே பியூஸ். பெற்றோல் பம்பை வெட்டினால் குழாயில மிச்சமிருக்கிற அழுத்தத்தில எஞ்சின் சில செக்கன் ஓடி, கார் றோட்டில குறுக்க நிக்கும். ஸ்ராட்டர் ரிலேயை வெட்டினால் இருக்கிற இடத்தை விட்டு அசையாது, அதோட ஓடேக்க சுவிட்ச் பழுதானாலும் எஞ்சின் நிக்காது. இணைப்பைச் சோல்டர் பண்ணி ஹீற் ஷ்ரிங்க் (சூடுகாட்டினால் சுருங்கிற குழாய்) போடுங்கோ. கடிச்சுப் பிடிக்கிற நீலக் கிளிப் இஞ்ச றோட்டில பனிக்குப் போடுற உப்புத்தண்ணிக்கு இரண்டு வின்ரரில பச்சையாய்ப் பூத்துப்போகும். கள்ளன் எடுக்காத காரை நீங்களும் எடுக்கேலாமல் நிப்பீங்கள்.

உங்கட காருக்குச் சரியானது கேன் வகை இம்மொபிலைசர். இக்லா எண்டு கேள்விப்பட்டது அதுதான். ஸ்ரியரிங்கில ஏற்கெனவே இருக்கிற பட்டன்களை நீங்கள் வைச்ச வரிசையில அமத்தினால்தான் கார் கியரில ஓடும். அமத்தாமல் ஓட்ட வெளிக்கிட்டால் எஞ்சின் கொம்பியூட்டரை நிப்பாட்டிப்போடும். திறப்பு சரி எண்டு கார் நம்பினாலும் இது தனியாக் கேக்கிறதால மூண்டு வழிக்கும் இடைஞ்சல். ஆயிரம் டொலருக்கு மேல போகும். பூட்டுறவன் எங்க பூட்டுறான், எப்பிடி மறைக்கிறான் எண்டதிலதான் அதின்ர பலம் முழுக்க இருக்கு. எல்லாக் காருக்கும் ஒரே இடத்தில வைக்கிற கடையெண்டால், ஒண்டைக் கண்டுபிடிச்சவன் எல்லாத்தையும் கழட்டுவான். கடைக்காரன் உங்களுக்குக் கொழுவின இடத்தைப் படமெடுத்து இன்ஸ்ரகிராமில போடாமல் பாருங்கோ. சிரிக்கவேண்டாம், செய்யிறாங்கள்.

பூட்டினாப் பிறகு அது நித்திரையில எவ்வளவு மின்சாரம் குடிக்குது எண்டு அளக்கச் சொல்லுங்கோ. ஹைபிரிட்டில 12 வோல்ற் பற்றரி சின்னன். 45 அம்பியர்-மணி எண்டு வைச்சால், 50 மில்லி அம்பியர் களவாய்ப் போனால் நாளுக்கு 1.2 அம்பியர்-மணி. மூண்டு கிழமை ஊருக்குப் போட்டு வந்தால் பாதிக்கு மேல வடிஞ்சிருக்கும். குளிரில அதுக்கும் முந்தி. டாஷ்காம், ட்ராக்கர், இம்மொபிலைசர் எண்டு மூண்டையும் நேர் லைனில கொழுவிப்போட்டுப் பற்றரி சரியில்லை எண்டு ரொயோட்டாவைத் திட்டுறவை கனபேர்.

துஷி_காப்புறுதி

காப்புறுதிப் பக்கத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

கடிதத்தில் எந்தக் கருவி என்று பெயர் குறிப்பிட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒன்ராறியோவில் சில நிறுவனங்கள் அதிகம் களவு போகும் மாடல்களுக்கு வருடத்துக்கு 500 டொலர் வரை மேலதிகக் கட்டணம் போட்டு, தாங்கள் ஏற்றுக்கொண்ட கருவியைப் பூட்டினால் அதை நீக்குகின்றன. அது பெரும்பாலும் 'ராக்' என்னும் கண்காணிப்பு முறை. காரின் பல இடங்களில் சிறு சிறு கம்பியில்லாக் கருவிகளை ஒளித்து வைப்பார்கள். உங்கள் நிறுவனம் அதைத்தான் கேட்டிருந்தால், அதைவிட விலை கூடிய இம்மொபிலைசரைப் பூட்டிவிட்டு ரசீதை அனுப்பினாலும் கட்டணம் குறையாது. பூட்டுவதற்கு முன்னர் உங்கள் முகவரிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். கருவிக்கு நிறுவனமே காசு கொடுக்கிறதா என்றும் அதில் கேளுங்கள், சில இடங்களில் கொடுக்கிறார்கள். பூட்டியதாகச் சொல்லிவிட்டுப் பூட்டாமல் விட்டால், களவு போன பிறகு அது வேறு பிரச்சினையாக வரும்.

களவுக்குக் காப்பு வருவது 'கொம்பிரஹென்சிவ்' அல்லது 'ஓல் பெரில்ஸ்' என்ற காப்பு வகை இருந்தால்தான் என்று பலர் நினைக்கிறார்கள். 'ஸ்பெசிபைட் பெரில்ஸ்' என்பதிலும் களவு அடங்கும், ஆனால் உடைந்த கண்ணாடி போன்றவை வராது. கட்டாயக் காப்பு மட்டும் வைத்திருப்பவருக்குக் கார் போனால் ஒன்றுமில்லை. புதுக் காருக்கு ஓபிசிஎஃப் 43 என்ற கூடுதல் காப்புப் பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால் தேய்மானம் கழிக்காமல் கணக்குப் பார்ப்பார்கள். கடனில் எடுத்த காருக்கு அது இல்லாவிட்டால், காப்புறுதி தரும் தொகை வங்கிக் கடனை அடைக்கப் போதாமல் போகலாம். மாற்றுக் கார் வாடகைக்கு ஓபிசிஎஃப் 20. இந்த இரண்டையும் கார் போன பிறகு சேர்க்க முடியாது.

கோரிக்கை போட்டால் இரண்டு திறப்பையும் கேட்பார்கள். ஒன்று தொலைந்திருந்தால் இப்போதே புதியது செய்து, தொலைந்ததைக் காரின் நினைவிலிருந்து அழிக்கச் சொல்லி, ரசீதை வைத்திருங்கள். காருக்குள் அசல் பதிவுப் பத்திரத்தை வைக்கவேண்டாம். ஒன்ராறியோ சட்டப்படி உண்மைப் பிரதி போதும். ஓட்டுபவர் அதைத் தன் பணப்பைக்குள் வைத்திருந்தால் இன்னும் நல்லது. பத்திரத்தில் வீட்டு முகவரி இருக்கிறது, சன்வைசரில் கராஜ் ரிமோட் இருக்கிறது. கார் போனால் இரண்டும் சேர்ந்து போகும். ஆகவே கார் போன அன்றே கராஜ் கதவின் மோட்டரில் பழைய ரிமோட்டுகள் எல்லாவற்றையும் அழியுங்கள். 407 கட்டணச் சாலைக்கான ட்ரான்ஸ்பொண்டரையும் நிறுத்துங்கள்.

எங்கள் பிரிமியம் ஏன் ஏறுகிறது என்று கோபப்படுபவர்களுக்கு: 2023இல் மட்டும் கனடாவில் வாகனக் களவுக்குக் கொடுத்த இழப்பீடு 150 கோடி டொலர். 2023 டிசம்பரிலிருந்து 2024 மார்ச் வரை மொன்றியல் துறைமுகத்தில் 'புரொஜெக்ட் வெக்டர்' என்ற நடவடிக்கையில் 598 வாகனங்களைப் பிடித்தார்கள். பெரும்பாலானவை ஒன்ராறியோவிலிருந்து போனவை.

அஜாக்ஸ் நிலா

வாசலடியில் திறப்பு வைக்கிற கதைக்கு வருகிறேன். 2024 தொடக்கத்தில் எற்றோபிக்கோவில் நடந்த ஒரு பொதுக்கூட்டத்தில் ரொறன்ரோப் பொலிஸ் அலுவலர் ஒருவர் அப்படிச் சொன்னது உண்மை. நாடு முழுக்கக் கேலி செய்தார்கள். பிறகு பொலிஸ் தரப்பே வேறு வழிகளும் இருக்கின்றன என்று விளக்கம் கொடுத்தது. ஆனால் அவர் சொன்ன காரணத்தைக் கேலி செய்ய முடியாது. சத்தமில்லாமல் எடுக்கிற வழிகளை நாங்கள் ஒவ்வொன்றாக அடைக்க அடைக்க, மிச்சம் இருக்கிற வழி திறப்பை ஆளிடமிருந்து பறிப்பதுதான். கதவை உடைத்து வருகிறவனுக்கு வேண்டியது திறப்பு. அது கட்டில் தலைமாட்டில் இருந்தால் அவன் படுக்கையறைக்கு வருவான்.

என் கருத்து: பைக்குள் போட்டு, கீழ்த்தளத்தில், வாசல் கண்ணாடியால் பார்த்தால் தெரியாத ஆனால் கேட்டால் ஒரு வார்த்தையில் சொல்லக்கூடிய இடத்தில் வையுங்கள். சமையலறை லாச்சி போதும். கதவுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டால் தபால் துளைக்குள்ளால் கம்பி விட்டு எடுக்கிறவனுக்கும் சுகம். மேல்மாடியில் ஒளித்தால் வயசுபோன அம்மா அப்பா படுத்திருக்கிற அறைகளைக் கடந்துதான் அவன் போகவேண்டி வரும். வீட்டுத் திறப்பைக் கார்த் திறப்போடு ஒரே வளையத்தில் கோர்க்கவேண்டாம்.

கதவு உடைகிற சத்தம் கேட்டால் கீழே இறங்கவேண்டாம். எல்லாரும் ஒரே அறைக்குள் போய், உள்ளால் பூட்டி, 911. அந்த அறை எது என்று வீட்டில் எல்லாருக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்கவேண்டும். போனை இரவில் கீழே சார்ஜில் போடுகிற பழக்கம் இருந்தால் மாற்றுங்கள். கதவுச் சட்டத்தில் பூட்டு விழுகிற தகட்டைப் பெரும்பாலும் முக்கால் அங்குல ஸ்க்ரூவில்தான் பிடித்திருப்பார்கள், ஓர் உதை தாங்காது. அதைக் கழற்றி நீளமான தகடும், சுவருக்குள் இருக்கிற மரத்தைப் பிடிக்கிற மூன்று அங்குல ஸ்க்ரூவும் போட்டால் சில உதைகளாவது தாங்கும். பிணைச்சல்களிலும் ஒவ்வொரு நீள ஸ்க்ரூ போடுங்கள். இருபது டொலருக்குள் முடிகிற வேலை.

றோட்டில் மறித்துப் பறிக்கிறது வேறு விதம். சிக்னலில் நிற்கும்போது முன் காரின் பின் ரயர்கள் தரையைத் தொடுகிற இடம் உங்களுக்குத் தெரியவேண்டும். அவ்வளவு இடைவெளி இருந்தால் பின்னால் எடுக்காமலே ஸ்ரியரிங்கை வெட்டி வெளியே போகலாம். 'பார்க்'கில் போட்டவுடன் எல்லாக் கதவுப் பூட்டும் தானாகத் திறக்கிற அமைப்பை நிறுத்துங்கள். ஒரு அமத்தலுக்கு ஓட்டுநர் கதவு மட்டும் திறக்கும்படி வையுங்கள். இரண்டும் ராவ்4 திரையிலோ டீலரிடமோ மாற்றக்கூடியவை. வீட்டுக்கு வந்து டிரைவ்வேயில் நிறுத்தி, விளக்கு எரிய, போன் பார்த்துக்கொண்டு இருப்பதுதான் அவர்களுக்கு மிக வசதியான நேரம்.

பின்னால் மெதுவாக முட்டிவிட்டு, நீங்கள் இறங்கியவுடன் காரை எடுத்துக்கொண்டு போகிற உத்தியும் இருக்கிறது. முட்டியவர்களைப் பார்க்கச் சரியில்லையா, ஆள் நடமாட்டம் இல்லாத இடமா? கதவைத் திறக்காமல் 911 எடுத்து, இடி நடந்திருக்கிறது, வெளிச்சமான இடத்துக்கு நகர்கிறேன் என்று சொல்லி, அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள். சொல்லாமல் போனால் இடித்துவிட்டு ஓடியதாக எழுதப்படலாம்.

ஆயுதத்தோடு கேட்டால் கொடுத்துவிடுங்கள். இம்மொபிலைசர் இருந்தால் பட்டன் வரிசையையும் கேட்டால் சொல்லுங்கள். கை தெரியும்படி வைத்து, பெல்ற்றைக் கழற்றப்போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கழற்றி, இறங்கி, காரின் முன்பக்கமோ பின்பக்கமோ நிற்காமல் விலகுங்கள். பின்சீற்றில் பிள்ளை இருந்தால் முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கவேண்டும்: "கிட் இன் த கார்." உரக்க, திரும்பத் திரும்ப. காரை வேண்டியவனுக்குப் பிள்ளை வேண்டாம். போன் டாஷில் கொழுவியிருந்தால் காரோடு போய்விடும், ஆகவே அது உடம்பில் இருக்கவேண்டும்.

பழைய காரை இணையத்தில் விற்கிறவர்கள், ஓடிப் பார்க்க வருகிறவரிடம் திறப்பைக் கொடுத்துவிட்டு மற்றப் பக்கம் சுற்றி ஏறப்போகவேண்டாம். அந்த மூன்று செக்கன் போதும். பொலிஸ் நிலைய வாகனத் தரிப்பிடத்தில் சந்திக்கலாம் என்று சொல்லிப் பாருங்கள். வராதவர் வாங்க வந்தவர் இல்லை.

பிராம்ப்டன் பாலா

நிலா சொன்னதுல ஒண்ணு சேர்க்கணும். சில இம்மொபிலைசர்ல பறிப்பு எதிர்ப்பு மோடு இருக்கு. யாராவது உங்களை இறக்கிவிட்டு ஓட்டிட்டுப் போனா கொஞ்ச தூரத்துல எஞ்சினை நிறுத்திடும். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா நூறு மீட்டர்ல வண்டி நின்னா, கையில ஆயுதத்தோட இருக்கிறவன் திரும்ப உங்ககிட்டதான் வருவான். தூரத்தை அதிகமா வைக்க முடியும்னா வைங்க, முடியாதுன்னா அந்த மோடையே அணைச்சு வச்சிடலாம்.

டிரைவ்வேல இரும்புத் தூண் நடலாமான்னு அடுத்து யாராவது கேப்பீங்க. நடலாம், பூட்டித் தரையோட இறக்குற வகை நல்லா வேலை செய்யும். தெற்கு ஒன்ராறியோவுல மண் நாலு அடி வரைக்கும் உறையும். அதுக்குக் குறைவா கான்கிரீட் போட்டா ரெண்டு குளிர்காலத்துல தூண் மேல தூக்கிக்கும், பூட்டு சேராது. தோண்டுறதுக்கு முன்னாடி ஒன்ராறியோ ஒன் கோலுக்குச் சொல்லணும், சட்டப்படி கட்டாயம், செலவில்ல. கேஸ் லைன் எங்க போகுதுன்னு அவங்க ஏற்பாட்டுல வந்து குறிச்சுட்டுப் போவாங்க. டிரைவ்வேயோட தெருப்பக்க முனை நகராட்சி நிலமா இருக்கும், அங்க நடாதீங்க. பனி தள்ள வர்றவன்கிட்டயும் தூண் இருக்கிறதைச் சொல்லிடுங்க.

மார்க்கம்வாசி

கதவுத் தகடு இண்டைக்கே மாத்திறன். முகவருக்கு மின்னஞ்சல் போட்டாச்சு, பதில் வந்தாப் பிறகு இம்மொபிலைசரை யோசிப்பம். கடைசியா ஒண்டு: காலமை கார் சூடாக வேணும், -20 இல பிள்ளையளை அப்பிடியே ஏத்தேலாது. ஸ்டார்ட் பண்ணி விடுறது பிழையோ?

வயர்க்காரன்

திறப்பைக் காருக்குள்ள வைச்சு ஸ்டார்ட் பண்ணிப்போட்டு வீட்டுக்குள்ள போறதுதான் பிழை. அதுக்கு எந்தக் கருவியும் தேவையில்லை, நடந்து வாறவன் ஏறிக்கொண்டு போவான். காரோட வந்த ரிமோட் ஸ்டார்ட் எண்டால் பரவாயில்லை: கதவு பூட்டினபடி இருக்கும், திறப்பு உள்ளுக்கு வராமல் கியர் விழாது. வெளியில வாங்கிப் பூட்டுற மலிவு ரிமோட் ஸ்டார்ட் வேண்டாம். அதில சிலது ஒரு திறப்பின்ர அடையாளத்தைக் காருக்குள்ளயே நிரந்தரமா வைச்சுத்தான் வேலை செய்யுது.

இம்மொபிலைசர் பூட்டினால், ரிமோட் ஸ்டார்ட் அதோட ஒத்துப்போகுதோ எண்டு காசு குடுக்க முதல் கேளுங்கோ. தட்டுப் பூட்டைக் கார் சூடாகி முடிஞ்சு நீங்கள் ஏறினாப் பிறகு கழட்டினால் போதும். சேர்விஸுக்கு விடேக்க இம்மொபிலைசரைச் சேர்விஸ் மோடில (பட்டன் வரிசை கேக்காமல் ஓடவிடுற நிலை) போட்டுக் குடுங்கோ, பட்டன் வரிசையை எழுதிக் குடுக்கவேண்டாம். திரும்ப எடுத்த அண்டைக்கே மோடை மாத்திப்போட்டு, பட்டன் அமத்தாமல் ஒருக்கா ஓட்ட வெளிக்கிட்டுப் பாருங்கோ, நிக்கவேணும்.